புகைப்புரை அடுப்பு

ஆரியங்கோடு

மகளே,

வீட்டை ஒட்டிய நம் புகைப்புரை அடுப்பை நேற்று அணைத்துவிட்டேன். இனி ரப்பர் பாலை மட்டும் வாங்கி விற்பேன். ரப்பர் ஷீட்டைப் புரைக்குள் புகையில் காயப்போடும் வேலை இல்லை.

உன் அம்மை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்; மூச்சு விடத்தான் பாடு. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். இனி மருந்தால் ஆகாதாம்.

புகைத் துகள்களை லேசர் வைத்து ஆராய்வதுதானே உன் உத்தியோகம். நம் புரையின் புகையை அளக்க நான் விடாத கோபத்தில் நீ வருவதில்லை. அம்மைக்கு அதிலும் விளையாட்டு: "எனக்க நெஞ்சில லேசர் அடிக்கச் சொல்லும். மவளுக்கு இன்னொரு பட்டம் கிட்டும்."

வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். "மவ மெஷினோட வந்து, வீட்டுக் காத்து சுத்தம்னு சொல்லட்டு. பொறவு வாறேன்."

நான் ஒத்துக்கொண்டேன். நீ வந்து அளக்கும்வரை ஆஸ்பத்திரி, அளந்தபின் வீடு.

உன் அப்பா