மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த உன் கார்

அண்ணா,

நேற்று சளி தாங்காமல் ஆவி பிடிக்க உட்கார்ந்தேன். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுப் போர்வையை இழுத்து மூடியதும் குப்பென்று அந்த வாசனை வந்தது. ஊருக்கெல்லாம் அது மஞ்சள் வாசனை. எனக்கு அது உன் கார் வாசனை. போர்வைக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்திருந்தால் கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாய்.

எண்பதுகளின் நடுவில், நம் சேலையூர் வீட்டு வாசலில் அந்தச் சின்ன இத்தாலிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். உனக்கு முன்னால் எத்தனை பேர் ஓட்டித் தேய்த்தார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "காயலான் கடைக்குப் போற வழியில இங்க நின்னுடுச்சாடா?" என்றாள். உன் முகம் தொங்கிப்போயிற்று.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். நீ இறங்கி, பானெட்டைத் திறந்து, ஏதோ ஒரு கம்பியை ஆட்டிவிட்டு வருவாய். மழை பெய்தால் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டுச் சேறு என் புடவையில் தெறிக்கும். வெயில் ஏறினால் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிடும். அதன்மேல் போட ஈரத்துணி வேண்டுமென்று அம்மாவின் பழைய புடவைக் கிழிசலை சீட்டுக்கடியில் வைத்திருந்தாய். கிளட்ச் பிளேட், பிரேக் என்று உன் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அது தின்றது. "பேசாம அதுக்கும் ஒரு இலை போட்டுடலாம்ணா" என்றேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீ.

அப்புறம் என் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத வீடு. அவர் இடத்தில் நின்று எல்லாவற்றையும் நீதான் இழுத்துப் போட்டுச் செய்தாய். மாப்பிள்ளையின் அப்பாவோ தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிற மனிதர். நிச்சயதார்த்தத்தன்று காபி ஆறிப்போயிற்று என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் உனக்கு வேர்த்து விறுவிறுத்துப் போயிற்று. பக்கத்தில் பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு ஒரே நினைப்புதான் அண்ணா. அப்பா மாதிரியே பிள்ளையும் இருந்தால் காலம் பூரா என்ன செய்வேன்? உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாம் என்றாள் அம்மா. "நம்ம வண்டி இருக்கும்போது வாடகை வண்டியா? மானம் போயிடும்மா" என்று குதித்தாய். ரேடியேட்டர் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. புதிது மாற்றக் கையில் பணம் இல்லை. பம்மல் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனாய்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் புச்சு? ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் கொட்டிக்கினு போ, ஓட்டை தானா அடச்சிக்கும். வண்டி சும்மா பறக்கும் பாரு!"

பறக்கத்தான் செய்தது. படப்பை வரைக்கும் விரட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, "ஒரு சொட்டு ஒழுகலை!" என்று நெஞ்சை நிமிர்த்தினாய். விரட்டி ஓட்டினால் காற்றுப் பட்டு ரேடியேட்டர் ஆறிவிடும். ஆனால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்வலம் பறக்காது, ஊர்ந்துதான் வரும் என்பது உனக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

குரோம்பேட்டை மண்டபத்து மாடி ஜன்னலில் நான் நின்றிருந்தேன். பூ அலங்காரமும் கேஸ் லைட்டுமாக உன் கார் மெல்ல வந்தது. மண்டபம் கண்ணுக்கெட்டிய தூரத்தில், பானெட்டிலிருந்து புகை புகையாக ஆவி. நீ பதறி இறங்கித் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினாய். மஞ்சள் தண்ணீர் பீறிட்டு அடித்தது. யாருக்கும் சுடவில்லை, புண்ணியம். ஆனால் எட்டி நின்ற சம்பந்தியின் பட்டு வேட்டியெல்லாம் மஞ்சள் பொட்டு. நாதஸ்வரம் சட்டென்று நின்றது.

"என்னய்யா இது? எங்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தறீங்களா?" என்று அவர் போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது. நீ கைகூப்பி நின்றாய். போச்சு, எல்லாம் முடிந்தது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினார். கோட்டைக் கழற்றி யார் கையிலோ கொடுத்தார். "அப்பா, நீங்க உள்ள உக்காருங்க. இவ்வளவு தூரம் நீங்க நடந்து வந்தது போதும்" என்று தன் அப்பாவை அந்தப் பூவுக்கு நடுவில் உட்கார வைத்தார். பிறகு உன் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, நான் பின்னாடி தள்றேன்" என்றாராம். இதை நீதான் பிறகு சொன்னாய்.

நாதஸ்வரம் மறுபடியும் ஆரம்பித்தது. தெருவில் இருபுறமும் ஜனம் வேடிக்கை பார்த்தது. முதலில் உர்ரென்று உட்கார்ந்திருந்த சம்பந்தி, கொஞ்ச தூரம் வந்ததும் ஜன்னல் வழியாகக் கும்பிடு போட ஆரம்பித்துவிட்டார்! ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை யாருக்குச் சுற்றுவதென்று முழித்தாள். பின்னால், வெள்ளைச் சட்டையெல்லாம் கறையாக, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே அவர் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாடா! என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஆனால் நீ அதை விடவே இல்லை. தீபாவளிக்கு வந்தால், பொங்கலுக்கு வந்தால், கடைசியில் தொண்ணூறுகளில் அந்தக் காரை விற்ற அன்றும்கூட, "உன் கல்யாண ஊர்வலத்தைக் கெடுத்துட்டேன்மா" என்பாய். "விடுண்ணா" என்று சொல்லிவிட்டு நான் காபி போடப் போய்விடுவேன். நீ படுக்கையில் விழுந்த பிறகும் அதையே முனகினாய். அன்றைக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஆளு எப்படிப்பட்டவரோன்னு செத்துக்கிட்டு இருந்தேன்ணா. உன் கார் நின்னதாலதான் பார்த்தேன். ஜன்னல்லயே முடிவு பண்ணிட்டேன், இவரோட இருந்துடலாம்னு."

உன் கண் கலங்கியது. "அப்போ நல்ல இடத்துலதான் குடுத்திருக்கேனா உன்னை?" என்று கேட்டாய்.

"ஆமாண்ணா" என்றேன். நீ கண்ணை மூடுவதற்கு முன்னால் அது உன் காதில் விழுந்தது. அது போதும் எனக்கு.