அம்பது லென்ஸா, முப்பத்தஞ்சா

மார்கழி 5, வெள்ளி. ராஜபாளையம்
பனி. முதுகு பிடிப்பு. இதெல்லாம் நடக்கும்னு முன்னமே சொன்னவன் நான். பிளாஷ் காலம் போயிரும்னு ஊர் பூரா சொன்னேன், எவன் கேட்டான். படம் எடுக்கிற வேலை கேட்டு எழுதின அக்கா மக செண்பகத்துக்கு (இனி செ.) இன்னைக்கு மெட்ராஸ் பத்திரிகையிலருந்து பதில். மார்கழி விடியக்காலைத் தெரு, ஆறு படம், பிளாஷ் கூடாது, பொங்கலுக்குள்ள. பிடிச்சா வேலை.
பிடிக்காட்டி? தை பிறந்ததும் மாப்பிள்ளை பாக்கணும்னு அக்கா ஒத்தக்கால்ல நிக்கா.
மார்கழில கல்யாணம் கிடையாது. என் போட்டோ ஸ்டூடியோவுல ஈ. பாஸ்போர்ட் படத்துக்கு ஒருத்தர் வந்தார், அவரும் கண்ணை மூடிட்டார்.

6, சனி. மதுரை
பஸ்ஸுல நின்னே போனோம். என் பழைய சூம் லென்ஸைக் குடுத்துட்டு, பதிலுக்கு ஒரு லென்ஸ். கடைக்காரர் ரெண்டு எடுத்து வச்சார்.
அம்பது, 1.4: இருட்டுலயும் வெளிச்சத்தைக் குடிக்கும்.
முப்பத்தஞ்சு, 2: குடிக்கிறது கொஞ்சம் கம்மி, தெருவை அகலமாப் பிடிக்கும்.
ரெண்டுலயும் சூம் இல்ல. நாமதான் முன்னபின்ன நடக்கணும்.
செ. கை முப்பத்தஞ்சு மேலயே இருந்தது.
"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல ஒரு வெள்ளைக்காரன் தந்த அம்பதுல விடியுமுன்ன எடுத்தவன் நான். கோலப்பொடி பறக்கறது கூடத் தெரிஞ்சது."
"அதே 1.4-லயா மாமா?"
"அதேதான்."
கடைக்காரர், "அண்ணாச்சியே சொல்லுதாக, பொறவென்ன. பிடிக்கலைன்னா வர்ற வெள்ளிக்குள்ள மாத்திக்கலாம்."
அம்பதையே வாங்கியாச்சு. கல்யாணத்துக்கும் ஆகும்னு எனக்கொரு நினைப்பு. நான் பேசினா மதுரையும் அடங்கும்.

8, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்
விடியுமுன்ன மடவார் வளாகம். மப்ளர் மறந்தாச்சு. சந்து ஒடுக்கம். கோலம் போடுற அம்மா முகம் வந்தா கோலம் இல்ல, கோலம் வந்தா தலை இல்ல. செ. பின்னாலயே நகந்து போய்ச் சுவத்துல முட்டிக்கிட்டா.
எனக்குக் கல்யாண வீட்டுப் பழக்கம். "அம்மா, அசையாதீங்க, ரெடி"ன்னுட்டேன். அந்தம்மா எந்திரிச்சு, சேலையை இழுத்துவிட்டு, உள்ள பாத்து, "ஏங்க, சட்டையப் போட்டுட்டு வாங்க, போட்டோ புடிக்காக." குடும்பமே வரிசையா வந்து நின்னுருச்சு.
செ. மெதுவா, "மாமா, செத்த நேரம் டீக்கடையில இருங்களேன்."
இருந்தேன். டீயா அது, வெந்நீர்.
திரும்பி வந்து கேட்டா, "அன்னைக்கு நீங்க எங்க நின்னு எடுத்தீக?"
ஒரு லைட்டுக் கம்பத்தைக் காட்டினேன். போய் நின்னு பாத்தா. உக்காந்து பாத்தா.

10, புதன். ராஜபாளையம்
பிலிம் ரோல் கழுவியாச்சு. பாதி முகம், பாதி கோலம், ஒரு வாளி. வரிசையா நின்ன குடும்பத்துல நடுவுல நின்ன ஆள் மட்டும் தெளிவு, மத்தவங்க புகை. கண்ணு எரியுது.
"முப்பத்தஞ்சா மாத்திருவமா"ன்னு நானே கேட்டேன்.
"வேண்டாம் மாமா. அதே தெரு, அதே லென்ஸ். உங்களுக்கு வந்துச்சு. எனக்குத்தான் கை வரல. அம்மா மாப்பிள்ளையே பாக்கட்டும்."
கேமராவைத் துண்டுல சுத்தி பீரோவுல வச்சுட்டா. சாப்பிடல.
நாளன்னைக்கு வெள்ளி, லென்ஸை மாத்தக் கடைசி நாள்.
வெள்ளைக்காரன்னு எவனும் வரல. 1.4 லென்ஸை நான் கையால தொட்டதே போன சனிக்கிழமை, அந்தக் கடையிலதான்.