ஆள் வருது

இல்லை, துவைக்கவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய். நீலக் கட்டம் போட்ட துண்டு அப்படியேதான் இருக்கிறது, ஒரு ஓரம் பிரிந்து, உன் அப்பாவின் படகில் கிடந்த காலத்து உப்போடு. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் வைப்பதற்கு முன் முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாசம் போய்விட்டதா, என் மூக்குக்குப் பழகிவிட்டதா? அம்மாவிடம் நீட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஒண்ணும் அடிக்கலையே" என்று அவள் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இந்தத் துண்டை என்ன செய்வது?

நம் ராக் குழுவின் கச்சேரிக்குப் போனேன். தனியாக. பேருந்தில்.

"அவனுங்க சென்னை, பெங்களூருன்னு சுத்துவானுங்க. தஞ்சாவூருக்கு எதுக்குடி வரப்போறானுங்க?" விடுதி மொட்டைமாடியில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் சொருகிக்கொண்டு நீதான் சொன்னாய். பிறகு நீயே, "வந்தா முன்வரிசைதான். நீ அழுதாலும் இழுத்துட்டுப் போவேன்" என்றாய். வந்தார்கள். வல்லம் போகிற வழியில் ஒரு கல்லூரியின் திறந்த மைதானம். மேடை, கம்பித் தடுப்பு, ராட்சத ஒலிபெருக்கிகள், எல்லாம். இழுத்துக்கொண்டு போகத்தான் ஆளில்லை.

நீ போன பிறகு நான் தனியாகப் பேருந்து ஏறவில்லை. ஒரே ஒரு முறை முயன்றேன். பாதி வழியில் விரல்கள் மரத்து, மூச்சு மேலேயே நின்றுவிட, பாபநாசத்தில் இறங்கி அப்பாவை வண்டியோடு வரச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் திருவிடைமருதூரிலிருந்து போய்வர வேண்டும். பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். கச்சேரிக்குப் போய், கடைசிப் பாட்டு வரை நின்று, பேருந்திலேயே திரும்பிவிட்டால் வேலைக்குச் சேர்வது. நடுவில் இறங்கினால் இல்லை. எனக்குள் இப்படி ஒரு ஒப்பந்தம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கச்சேரி என்றால் ஒன்றுதான்.

"திருவையாத்துலயா?"

"இல்லம்மா, வல்லம் பக்கம்."

"அங்க யாரு பாடுறா? உக்காந்து கேக்க எடமெல்லாம் இருக்கா?"

"நின்னுதான் கேக்கணும்."

"நிக்கிறதுக்கா டிக்கெட்டு?" சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "கூட யாரு வர்றா?"

யாரும் இல்லை என்றேன். துண்டை என் பையில் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.

கும்பகோணம் நிலையத்தில் தஞ்சாவூர் வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் அதோடு ஓட ஆரம்பித்தது. நானும் ஓடினேன். யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு இருக்கையில் பையைப் போட்டேன், பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டேன். தஞ்சாவூர் விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பிய எத்தனை வெள்ளிக்கிழமைகள்! நீ ஓடுவாய், நான் உன் பின்னால் மூச்சிரைக்க வருவேன். "கைக்குட்டை போட்டா தூக்கி எறிஞ்சிட்டு உக்காந்துருவானுங்கடி. இது கருவாட்டுத் துண்டு. எவன் தொடுவான்?" யாரும் தொட்டதில்லை. திருவிடைமருதூரில் நான் இறங்குவேன். நீ அதே வண்டியில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து உன் கடற்கரைக்கு வண்டி மாறுவாய். இறங்கும்போது துண்டை விரித்து என் இடத்திலும் போட்டுக்கொள்வாய். இரண்டு இருக்கைக்கு ஒரு ராணி.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் கிடந்த துண்டைப் பார்த்தேன். இரண்டு இடம் போட்டிருக்கிறேன்.

கூடையோடு ஒரு அம்மா வந்து நின்றார். "யாரும் வர்றாங்களா கண்ணு?"

"ஆள் வருதுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ பழக்கிய வாய். 'கண்ணப் பாத்துச் சொல்லணும். கொரல் நடுங்குச்சுன்னா எடம் போச்சு.' குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வண்டி கிளம்பியது. அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடத்துநர் வந்தார்.

"எம்மா, வண்டி கெளம்பிருச்சு. ஒன் ஆளு என்ன பறந்தா வரும்?"

சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "டிரோன்ல வரும்ணே" என்றான். மறுபடியும் சிரிப்பு.

"தாராசுரத்துல ஏறும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தாராசுரம் வரும்வரை துண்டின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன், நிஜமாகவே யாரோ ஏறப்போவதைப் போல. வண்டி நின்றது. பள்ளிப் பையன்கள் ஏறினார்கள். ஒரு பெரியவர் ஏறினார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் விசில் அடித்தார்.

"ஏறலையே கண்ணு?" அந்த அம்மா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"இல்லீங்க. வராது. உக்காருங்க."

உன் வீட்டில் எல்லோரும் அழுதபோது நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு வேறு ஏதோ பெயர் சொன்னார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா கொடியிலிருந்து துண்டை எடுத்து என் கையில் திணித்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் எடம் போடுற துண்டாமே. நீயே வச்சுக்க." அப்போதும் தலையை மட்டும் ஆட்டினேன். வராது என்று வாய்விட்டுச் சொன்னது தாராசுரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம்.

துண்டை எடுத்து மடியில் வைத்தேன். அவர் கூடையைக் காலடியில் வைத்து உட்கார்ந்தார்.

"சிநேகிதப் புள்ளையா?"

"ஆமாங்க."

"சண்டையா?"

"இல்லீங்க."

"விடு. நாளைக்கே வந்து பேசிருவா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அறுவடை நேரம். சாலையின் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். கொள்முதல் நிலையத்துக்கு எதிரே லாரிகள். வண்டி ஊர்ந்தது. பாபநாசம் வந்தது. அன்று நான் இறங்கிய அதே நிறுத்தம், அதே வேப்பமரம். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். அந்த அம்மா தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். எழுந்தால் அவரை எழுப்ப வேண்டும். அதனால் இறங்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அய்யம்பேட்டை வந்தபோதுதான் பாபநாசத்தைத் தாண்டிவிட்டேன் என்பது உறைத்தது.

மைதானத்தைப் பற்றி உனக்கு நிறையச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. வெயில் இறங்கவில்லை. புழுதி. கறுப்புச் சட்டைப் பையன்கள், கூட்டம் கூட்டமாகப் பெண்கள். எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். நான் முன்வரிசைக்குப் போகவில்லை. மன்னித்துக்கொள். வெளியே போகும் வழி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றேன். பையை முன்னால் மாட்டிக்கொண்டேன். வழி எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நம் பாட்டு வந்தது. பேஸ் கிடார் மட்டும் தனியாகத் தொடங்குமே, அது. "எங்கப்பா படகு மோட்டார் மாதிரியே இருக்குல்ல? கரையில நின்னா மொதல்ல காதுல விழாதுடி. நெஞ்சுல விழும்" என்பாய். விழுந்தது. கூட்டம் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தது. எனக்குப் பின்னாலும் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். வழி தெரியவில்லை. மூச்சு மேலே ஏறி நின்றது. விரல்கள் போய்விட்டன. இறங்க பாபநாசம் இல்லை.

உன் ஊருக்கு வந்தபோது என்னைப் படகில் ஏற்றினாயே. தலை சுற்றி நான் உன் கையைக் கிள்ளினேன். "அலையப் பாக்காத லூசு. கரையில அசையாம ஒண்ணு நிக்கும், அதப் பாரு" என்றாய். அன்று ஒரு தென்னை. இங்கே கல்லூரியின் தண்ணீர்த் தொட்டி. நான்கு சிமெண்ட் கால்கள், மேலே பாசி படிந்த உருளை. அழகே இல்லாதது. அதையே பார்த்தேன். பாட்டு முழுவதும் அதைத்தான் பார்த்தேன். மேடையில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்காதே. பாட்டு என் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது, தொட்டி நின்றுகொண்டே இருந்தது. முடிந்தபோது நான் அதே இடத்தில் நின்றேன்.

பயம் போகவில்லை. கடைசிப் பாட்டு வரை இருந்தது. நானும் இருந்தேன்.

இருட்டத் தொடங்கும்போது தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டேன். மயிலாடுதுறை வண்டி. நம் வெள்ளிக்கிழமை வண்டி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஓடினேன். இந்த முறை யோசித்தேன். துண்டை மட்டும், ஒரே ஒரு ஜன்னல் இருக்கையில் போட்டேன்.

நெருக்கியடித்து ஏறி வருவதற்குள், அந்த மூவர் இருக்கையில் ஒரு கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் என் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஒன்னுதாம்மா இது? கருவாடு கட்டி வச்சிருந்தியா? கப்புன்னு அடிக்குது!"

நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள்.

"அடிக்குதுங்களா?"

"பின்ன? ஊரு போற வரைக்கும் மூக்குல நிக்கும் போலருக்கு."

"நெசமாவா சொல்றீங்க? இன்னொரு தடவ மோந்து பாருங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "என்னடி இந்தப் பொண்ணு வெளையாடுது?"

மனைவி துண்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அவசரப்படவில்லை. "நெத்திலி" என்றார். "சந்தேகமே இல்ல. இவரு பேச்ச விடும்மா. வாசம் புடிக்காத மாதிரி நடிக்கிறாரு. நெத்திலின்னா தட்டையே நக்குவாரு."

"ஏய், பஸ்ஸுல..."

நான் சிரித்தேன். சத்தமாக. கண்ணில் நீர் வந்தது. அவர் மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, கால்களை ஒதுக்கி ஜன்னல் பக்கம் போக வழிவிட்டார். துண்டை வாங்கி மடியில் விரித்தேன். என் மூக்குக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

திருவிடைமருதூருக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். நடுவில் எங்கும் இறங்கவில்லை. மறுநாள் காலை நூலகத்துக்குப் போன் செய்து, சேர்கிறேன் என்று சொன்னேன்.