ஒன்பது வருஷக் கப்பு

அன்புள்ள மல்லிகாவுக்கு, அமெரிக்கா சன்னிவேலிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓட்டலில் பெரிய வழக்கு. காலேஜ் விளையாட்டில் யாராலும் அசைக்க முடியாத டீம் எது என்று சாப்பிட வந்த ஐ.டி. பையன்கள் அடித்துக்கொண்டார்கள்.

"யு.சி.எல்.ஏ. பாஸ்கெட்பால்தான் அங்கிள்! பன்னிரண்டு வருஷத்துல பத்து டைட்டில்" என்றான் கதிர் என்கிற பையன்.

எனக்குப் பொறுக்குமா? தோசைத் திருப்பியோடு வெளியே வந்தேன். "என் சம்சாரம் காலேஜ் பூப்பந்து கேப்டன்டா. தொடர்ந்து ஒன்பது வருஷம் அவ கையிலதான் கப்பு. கலெக்டரே எழுந்து நின்னு கும்பிட்டாரு!"

"காலேஜே மூணு வருஷம்தானே அங்கிள்?" என்றான் பாவி. கடையே சிரித்தது. எட்டாவதோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியும்?

லீவில் ஊருக்கு வரும் அந்தக் கதிர்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறான். உன்னிடமே கேட்பானாம். உனக்குப் பொய் வராது, மூன்று என்றே சொல்லிவிடு. ஆனால் அந்த மூன்று வருஷமும் ஜெயித்த டீமுக்குக் காலேஜ் ஹாஸ்டல் பந்தியில் சாம்பார் ஊற்றியவன் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்.

அவனிடம் கொஞ்சம் பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. கப்போடு நீ நிற்கிற போட்டோவும் வேண்டும். ஆதாரத்துக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என் கட்டிலுக்கு நேரே ஆணி அடித்தாகிவிட்டது.

கதிர் வாசலில் ஹாரன் அடிக்கிறான்.

கேப்டனின் வீட்டுக்காரன்,
கோபாலசாமி