தராசு முள் நகரவில்லை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
2025 ஆகஸ்ட் 3

அன்பும் பண்பும் வியர்வையும் நிறைந்த ஜக்சனுக்கு,

சகலருக்கும் பெருந்துயருடன் அறியத் தருவது: என் நீலக் காற்சட்டை நேற்றுப் பதவி விலகியது. இரண்டு வருடங்களாக என் இடுப்பில் விசுவாசமாகக் கடமையாற்றிய அது, கோயில் வாசலில் ஐயர் முன்னிலையில் "இனி ஏலாது" என்று கீழே இறங்கியது. அனுதாபங்களைத் தபாலில் அனுப்பலாம். போனை வாங்கிப் பூட்டி வைக்கிற மட்டக்களப்பு விடுதியிலிருந்து வேறு எப்படி அனுப்புவாய்?

காரணம் கேள். மாகாணக் குத்துச்சண்டைப் போட்டிக்கு நீ உன் புதுப் பள்ளிக்கூடத்தின் ஆள், நான் நம் பழைய பள்ளிக்கூடத்தின் ஆள். இருவரும் ஒரே நிறைப் பிரிவு. எப்படியும் உன்னை நான் அடிக்க வேண்டி வரும். மரியமலர் அன்ரி பெற்ற அந்த மூக்கைக் காப்பாற்றத்தான் நான் ஒரு பிரிவு கீழே இறங்குகிறேன். தியாகம் என்று எடுத்துக்கொள்.

சாப்பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். மத்தியானப் பார்சல் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் இக்ராமின் வயிற்றுக்குப் போகிறது. துறைமுகத்து மீன் வாடியில் அஷ்ரப் நானா பாரை நிறுக்கும் தராசில் தினமும் ஏறிப் பார்க்கிறேன். முள் கடகடவென்று இறங்குகிறது. "தம்பி, உன்னைக் கிலோ என்ன விலைக்குப் போடுற?" என்று நானா கேட்கிறார்.

அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மெலிவே உருவான
சிந்துஜன்


மட்டக்களப்பு
2025 ஆகஸ்ட் 11

அன்பின் சிந்து,

காற்சட்டைக்கு என் அனுதாபம். உனக்கு இல்லை.

என் மூக்கை நான் பார்த்துக்கொள்வேன். நீ சோற்றைப் பார். எங்கள் விடுதியில் ஓர் அண்ணா உன்னைப் போலவே செய்தவன். முதலில் மளமளவென்று குறைந்தது, அதில் பாதி தண்ணீர். பிறகு அவன் எவ்வளவு பட்டினி கிடந்தும் நிறை அசையவில்லை. உயிரியல் சேரிடம் கேட்டேன். அனுசேபம் என்று படித்தோமே, உடம்பு சாப்பாட்டை எரிக்கிற வேகம், அதுதான் விஷயமாம்.

உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். நாட்டில் எண்ணெய் இல்லாத வருடம் என் அப்பா எப்படிப் படகில் தொழிலுக்குப் போனவர்? நினைவிருக்கிறதா? இஞ்சினை முறுக்கவே மாட்டார். துறைமுக வாயைத் தாண்டாமல், மெதுவாக விட்டு, கையிலிருந்த மண்ணெண்ணெயை இழுத்து இழுத்து ஓடினார். உடம்பும் அப்படித்தான். சாப்பாடு வராது என்று கண்டால் எல்லாவற்றையும் மெதுவாக விடும். இதயத்தையும்தான். போதாததற்குத் தசையைத் தின்னத் தொடங்கும். நீ குத்துவது கொழுப்பாலா, தசையாலா?

கடைசியில் பெரிய வகுப்பே நடத்திவிட்டேன், மன்னித்துக்கொள். சாப்பிடு மச்சான்.

உன்
ஜக்சன்


ஓர்ஸ் ஹில்
2025 ஆகஸ்ட் 20

பேராசிரியர் ஜக்சன் அவர்கட்கு,

நிறையைக் குறைக்கிறவனிடம் குறையை நிறைக்காதே.

உன் அப்பாவின் இஞ்சின் கதை நன்றாயிருக்கிறது. ஆனால் என்னுடையது உடம்புக் கோளாறு இல்லை, தராசுக் கோளாறு. ஒன்றரைக் கிழமையாக முள் ஒரே இடத்தில் நிற்கிறது. இருந்த கஞ்சியையும் பாதியாக்கினேன், அப்போதும் நின்றது. அஷ்ரப் நானா ஸ்பிரிங்கில் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார். மீன் வாங்குகிற சனத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மற்றபடி சுகம். கை மட்டும் குளிர்கிறது. திருகோணமலை வெயிலில் குளிர்கிற ஒரே ஆள் நான்தான், காட்சிக்கு வைத்தால் கூட்டம் வரும். படி ஏறினால் கண் இருட்டுகிறது. நேற்று அம்மா "ஏன் ராசா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டதற்குச் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டேன். அது உடைந்தது. அம்மா குனிந்து துண்டுகளைக் கூட்டினா. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் போட்டிக்கு இன்னும் கொஞ்சம்தான் இறங்க வேண்டும். நீ அம்மாவிடம் ஏதாவது சொன்னாயோ, அன்றைக்கே உனக்கும் எனக்கும் கதை இல்லை. பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சிந்துஜன்


மட்டக்களப்பு
2025 ஆகஸ்ட் 26

சிந்து,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கண் இருட்டுகிறது என்று நீ எழுதிய இடத்தில் ஒரு பகிடியும் இல்லை. நீ பகிடி இல்லாமல் எழுதி நான் இதுவரை கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை விடுதிப் போனிலிருந்து உன் அம்மாவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கதை இல்லை என்றால் இல்லை. நீ இருந்தால் போதும்.

ஜக்சன்


ஓர்ஸ் ஹில்
2025 செப்டெம்பர் 14

அன்பின் ஜக்சனுக்கு,

இரண்டு கிழமையாக எழுதவில்லை. முதல் கிழமை கோபம். மற்றக் கிழமை வெட்கம்.

நீ போன் எடுத்த அதே வெள்ளிக்கிழமை நான் வாடியில், சனம் நிரம்பிய நேரத்தில், "உங்கட தராசு களவுத் தராசு நானா" என்று சத்தமாகச் சொன்னேன். மீன் நிறுக்கிறவரை அதைவிடக் கேவலமாகத் திட்ட ஒரு சொல் இல்லை. அவர் பக்கத்துக் கடையிலிருந்து தையல் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். மூட்டையில் அச்சடித்திருந்த நிறையில் முள் நேராக நின்றது.

"தராசில பிழை இல்ல தம்பி. உனக்குத்தான் என்னவோ பிழை" என்றார்.

பதில் சொல்ல ஒரு நல்ல வார்த்தை தேடினேன். அது கிடைப்பதற்குள் சூடை மீன் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டேன். நானாதான் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கண் முழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தா. அழவில்லை. "ஜக்சன் சொல்லாட்டி வெயில் எண்டுதான் டொக்டருக்குச் சொல்லியிருப்பன்" என்றா. டொக்டரும் வெயில் என்றுதான் நினைத்திருந்தாராம். அம்மா சொன்ன பிறகுதான் நாடியைத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். அது மிகவும் மெதுவாக ஓடியது. தசையும் போயிருக்கிறது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கூட்டுகிறோம். ஒரேயடியாகத் தின்னவும் விடமாட்டார்கள். இந்த வருடம் போட்டி இல்லை.

அஷ்ரப் நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மூளை எவ்வளவு இருக்கென்று பார்க்க வேண்டுமாம், தலையைத் தட்டில் வைக்கச் சொன்னார்.

இனி நீ அறிய வேண்டிய விஷயம். வாசித்துவிட்டுச் சிரிக்கலாம். நீ மட்டக்களப்புக்குப் போகுமுன் பள்ளிக்கூட மண்டபத்தில் நாம் கடைசியாக மோதினோமே, அன்று நீ இடது கையால் என்னை விழுத்தினாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தரை வழுக்கியது என்று சொல்லித் திரிகிறேன். இரண்டும் பொய். உன் குத்து என்னில் படவே இல்லை. வருவதைக் கண்டவுடன் நானாகவே கீழே குந்திவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு உன்னைக் கண்டால் பயம் மச்சான். அதுக்குத்தான் இவ்வளவும்.

உன்,
சிந்து