இருபத்து மூன்று கோழிகள்

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா துலியாவுக்கு,

எர்சிலியா எழுதுவது. கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டையில் கட்டுப் போட்டிருக்கிறது. பேத்தி நலம். உங்கள் மகள் நிடியா உயிரோடு இருக்கிறாள். நலம் என்று எழுத முடியவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் நாளுக்கொரு கோழி அடித்து சூப் வைப்பது உங்கள் ஆற்றங்கரையிலும் உண்டு. கோழி கொண்டு வருகிற பெண், அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். நானோ நாற்பது கோழிகளையும் முதல் வாரத்திலேயே வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். நிடியா நாள் முழுக்க அழுதாள்; என் வீட்டு மருமகள் அழுவதை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ரோசால்பா, "கோழிக்கு மட்டுந்தான் உள்ள இடமா, சீமாட்டி? வேணும்னா நாங்களும் கொக்கரிக்கிறோம்" என்றாள். அதற்கும் திறக்கவில்லை.

பதினேழாம் நாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தேன். முற்றமெல்லாம் ரத்தம். மீதமிருந்த இருபத்து மூன்று கோழிகளையும் கழுத்தறுத்துப் போட்டிருந்தாள். சில இன்னும் துடித்தன. அவளுக்கு முழங்கைவரை சிவப்பு. நான் அறைந்தேன். அவள் என்னைச் சுவரில் மோதினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கத்தியோடு என்மேல் குனிந்தவள், அதை என் கையில் திணித்தாள். "இதப் பூட்டி வைங்க அத்தை. கோழி தீர்ந்துபோச்சு. தொட்டில் பக்கம் போக எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

கதவைத் திறந்து தெருவில் நின்று ரோசால்பாவைக் கூவி அழைத்தேன். இப்போது அவளும் அவள் தங்கையும் மாறி மாறி உடனிருக்கிறார்கள். "இது திமிர் இல்லம்மா, நோய். மாத்திரை தர்றேன், ஆனா ஒரு நிமிஷங்கூடத் தனியா விடாதீங்க" என்றார் டாக்டர். என் மகன் லாரியோடு எல்லைக்கு அப்பால் இருக்கிறான், தகவல் போயிருக்கிறது.

இனி எழுதுவது கடினம். வருகிறேன் என்று நீங்கள் எழுதியதற்கு, இங்கே ஒரு குறையுமில்லை, சிரமப்பட வேண்டாம் என்று பதில் போட்டேன் அல்லவா? உங்கள் கடிதம் வந்ததையே அவளிடம் சொல்லவில்லை. "எங்கம்மா ஒரு வரிகூட எழுதலையா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், சூப் ஆறுகிறது, குடி என்றேன். நேற்று உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். என் முகத்தில் துப்பினாள். பிறகு, "எந்த பஸ்ல வருவாங்க?" என்று கேட்டாள்.

முதலில் உள்ளே போய் அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். தெருவே கேட்க என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை பஸ் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், துலியா. மறுபடியும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

மாதா உங்களுக்கு வழித்துணையாக இருப்பாளாக.

உங்கள் சம்பந்தி,
எர்சிலியா