ஜீயபுரத்தில் நின்ற வண்டி

ஐப்பசி 9
விடாத தூறல். ஸ்ரீரங்கத்தில் வாழைத்தார் ஏற்றிக் காந்தி மார்க்கெட் போய்ச் சேர மணி எட்டு. வழியில் பிக்கப் வண்டி இரண்டு தடவை இருமியது. மெக்கானிக் பாயிடம் காட்டினேன்.

"வண்டி மேல தப்பில்லண்ணே. இப்ப பெட்ரோல்ல கரும்பாலை ஸ்பிரிட்டைக் கலந்து விடுறாங்க. ஓடுறதுக்குக் குறை இல்ல. தண்ணி மட்டும் படக்கூடாது. பட்டா ஸ்பிரிட்டு தண்ணியோட சேந்துக்கிட்டு அடியில போய் உக்காந்துக்கும். அப்புறம் இன்ஜின் குடிக்காது."

டாங்க் மூடியில் வாஷர் கிழிசல். மாற்ற வேண்டும்.

உறையூர் முக்கில் மதுவிலக்குப் போலீஸ்காரர் வண்டியை மோந்துவிட்டு என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். வெற்றிலை வாசனைதான். வீட்டில் சொன்னதும் தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சரோஜா வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குளித்தலையில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். உடம்பு சரியில்லை என்று வந்தவள், வந்து இரண்டு மாதம். என்ன உடம்பு என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஐப்பசி 10
மழை. மாப்பிள்ளையிடமிருந்து கார்டு. நான்கு வரி. "உடனே அனுப்பவும்."

தனம்: "பொண்ணு இப்படி இங்கயே இருந்தா நல்லா இருக்காதுங்க. நீங்களே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

சரோஜாவிடம் கேட்டேன். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். பொட்டியும் அவளே கட்டினாள்.

வாங்க வேண்டியது: கால் கிலோ காராசேவு (மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்), பூ, வாஷர்.

ஐப்பசி 12
காராசேவு வாங்கினேன், பூ வாங்கினேன். வாஷரை மறந்தேன். ராத்திரி கொட்டிய மழையெல்லாம் டாங்குக்குள்.

காலை ஏழுக்குக் கிளம்பினோம். காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு. ஜீயபுரம் தாண்டி அரை மைல், வண்டி நாலு குலுக்கு குலுக்கி நின்றது. செல்ஃப் போட்டால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

கீழே படுத்து டாங்க் திருகைத் தளர்த்தினேன். சரோஜாவும் குனிந்து தகர டப்பாவைப் பிடித்தாள். கலங்கலாக, நீராகாரம் மாதிரி வந்தது. சாராய வாடை.

"ரெண்டு கையாலயும் பிடிம்மா, சிந்துது."

பிடிக்கவில்லை. இடது கை முன்னால் நீளவில்லை.

"கையில என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

திருகை மூடிவிட்டு வெளியே வந்தேன். சேற்றோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பஸ் போனது. அப்புறம் அவளே சொன்னாள். என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்து.

"அடிக்கிறாருப்பா. சோத்துல கல்லு கெடந்தா. உங்ககிட்டேருந்து லெட்டர் வந்தா. சிரிச்சாக்கூட. இது தோளைக் கதவுல வச்சு நசுக்கினது."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா திருப்பி அனுப்பிச்சிடுவீங்களோன்னுதான்."

அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். காராசேவு வாங்கிக்கொண்டு.

எழுந்து மறுபடி கீழே படுத்தேன். கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை வடியவிட்டேன். பெட்ரோல் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணியைத் துடைத்தேன். கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதினேன். அரைமணி ஆயிற்று. ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது.

சரோஜா ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகத்தைத் துடைத்துப் பொட்டு கூட வைத்துக்கொண்டாள். குளித்தலைக்குத் தயார்.

ரோடு குறுகல். ஒரு பக்கம் வாய்க்கால். முன்னும் பின்னும் ஆறேழு தடவை ஒடித்துத்தான் வண்டியைத் திருப்ப முடிந்தது.

"எங்கப்பா போறோம்?"

"வீட்டுக்குத்தாம்மா."

முத்தரசநல்லூர் வரை அழுதாள். நான் பேசவில்லை. பேசினால் எனக்கும் வந்துவிடும், ரோடு தெரியாது.

ஐப்பசி 13
வெயில். நேற்று தனத்திடம் நான் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே கேட்டாள். இன்று காலை நல்லெண்ணெய் சுட வைத்து மகளின் தோளில் தடவிக்கொண்டிருந்தாள். நான் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மேல் கோபமா, தன் மேலா, தெரியவில்லை.

வாஷர் மாற்றியாயிற்று. இரண்டாக வாங்கினேன்.

ஐப்பசி 14
எலும்பு டாக்டர். பழைய முறிவு, கோணலாகக் கூடியிருக்கிறதாம். பயிற்சி செய்தால் முக்கால்வாசி வரும் என்றார். முக்கால்வாசி.

ஐப்பசி 17
ஸ்ரீரங்கத்தில் லோடு இல்லை. நல்லவேளை, வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. தனம் மோர் கொடுத்தாள்.

"வண்டி வழியில நின்னுடுச்சாமே மாமா. கேள்விப்பட்டேன். பரவால்ல, நானே கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சரோஜா உள்ளேயிருந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரலைங்க."

"என்னடி?"

"வரலைங்க."

குரல் நடுங்கவில்லை. கதவுதான் லேசாக ஆடியது.

அவர் எழுந்தார். நானும் எழுந்து நடுவில் நின்றேன். அவரை விட நான் ஒரு சாண் குள்ளம். நகரவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

தனம் வாசல் வரை போனாள். பால்காரரிலிருந்து சண்டைக்கு வந்தவர் வரை யாரானாலும் "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவாள். முப்பது வருஷமாகக் கேட்கிறேன்.

இன்று "போங்க" என்றாள்.